யாரும் திருப்பிப் பார்க்காத 6.7

வானியலாளர்களுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. வானத்தில் புரியாத ஒளிவரி ஒன்று தெரிந்தால், ‘புரியவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். வாலில் ஒரு ‘இயம்’ சேர்த்துப் புதுத் தனிமத்துக்குப் பெயர்சூட்டு விழா நடத்திவிடுவார்கள். சூரியனில் பார்த்த ‘ஹீலியம்’ ஒருமுறை பலித்துவிட்டது. அந்தத் தெம்பில் ‘நெபுலியம்’, ‘கொரோனியம்’ என்று அடுத்தடுத்து இறக்கினார்கள். முதலாவது, சட்டை மாற்றிய ஆக்ஸிஜன். இரண்டாவது, காய்ச்சி எடுத்த இரும்பு. அப்போதும் புத்தி வரவில்லை.

1965-ல், கலிபோர்னியாவின் ஹாட் கிரீக் நிலையத்தில் ஹெரால்ட் வீவரும் பெர்க்லி சகாக்களும் ரேடியோ தொலைநோக்கியை ஓரியன் நெபுலா போன்ற நட்சத்திரப் பிரசவ வார்டுகளின் பக்கம் திருப்பினார்கள். தேடியது ஹைட்ராக்சில் என்ற சிறு மூலக்கூறு; ஆக்ஸிஜன் ஒன்று, ஹைட்ரஜன் ஒன்று. அது விண்வெளியில் இருப்பதை 1963-லேயே எம்ஐடி ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கு நான்கு ரேடியோ வரிகள். பலம் 1, 5, 9, 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் அடித்துச் சொன்னது. முதல் மார்க் வாங்க வேண்டிய வரி 1667 மெகாஹெர்ட்ஸ்.

ஹாட் கிரீக்கில் முதல் மார்க் வாங்கிய வரி 1665. அதுவும் அற்ப சொற்பமாக இல்லை. அக்கம்பக்கத்தார் மூவரையும் வாயடைக்க வைக்கும் அளவுக்கு. பாடப்புத்தகம் தப்பாக இருக்க முடியாது. ஆகவே இது ஹைட்ராக்சிலாக இருக்க முடியாது. பாதி விளையாட்டாக ஒரு பெயர் வைத்தார்கள்: ‘மிஸ்டீரியம்’. இந்த இடத்தில் நெபுலியத்தின் ஆவி சிரித்திருக்க வேண்டும்.

மிஸ்டீரியத்துக்கு இன்னொரு கோளாறும் இருந்தது. அதன் வரி மிக ஒல்லி. ஒல்லியான வரி என்றால் வாயு குளிர்ந்து கிடக்கிறது என்று பொருள். ஆனால் பிற்பாடு கண்டம் விட்டுக் கண்டம் தொலைநோக்கிகளை இணைத்து அளந்தபோது, இத்தனை சின்ன இடத்திலிருந்து இத்தனை பிரகாசம் வர வேண்டுமானால் வெப்பநிலை லட்சம் கோடி டிகிரியில் இருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. ஒரே பொருள் ஒரே நேரத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டும், நட்சத்திரங்களையே வெட்கப்படுத்தும் சூட்டில் தகித்துக்கொண்டும் இருந்தது. பிரபஞ்சம் பொய் சொல்கிறது, அல்லது பாடப்புத்தகம் பொய் சொல்கிறது. விஞ்ஞானிகள் முதலில் பிரபஞ்சத்தைத்தான் சந்தேகித்தார்கள்.

விடை வேறு துறையில், ஒரு பூங்கா பெஞ்சில், பல வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1951 வசந்தத்தில் வாஷிங்டனுக்கு ஒரு கமிட்டிக் கூட்டத்துக்கு வந்த இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸ், காலைச் சாப்பாட்டுக்குக் கடை திறக்காததால் ஃபிராங்க்ளின் பூங்காவில் போய் உட்கார்ந்தார். எதிரே அசேலியாப் பூக்கள். ஒரு கவிஞர் உட்கார்ந்திருந்தால் நாலு வரி தேறியிருக்கும். டவுன்ஸுக்கு மேசர் தேறியது. கமிட்டிக் கூட்டங்களால் உலகத்துக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிட்டால் இந்த ஒன்றோடு பட்டியல் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அதுவும் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் விளைந்தது.

மேசரை நம் ஊர் அரசியல் பொதுக்கூட்டத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சாதாரணமாக மூலக்கூறுகள் கீழ்மட்டத்தில், வீட்டில், சும்மா கிடக்கும். லாரி அனுப்பி, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, பெரும்பாலானவர்களை மேல்மட்டத்துக்கு ஏற்றி உட்காரவைத்துவிட்டால், அப்புறம் முன்வரிசையில் ஒருவர் கை தட்டினால் போதும். மைதானம் மொத்தமும் அதே தாளத்தில், அதே திசையில் தட்டும். முதல் கைத்தட்டல் என்பது ஒரு ஃபோட்டான். ஒத்த தாளத்தில் தொடர்வதற்குத் தூண்டிய உமிழ்வு என்று பெயர். ஐன்ஸ்டீன் 1917 வாக்கிலேயே எழுதிவைத்தது. லாரிக்கும் பிரியாணிக்கும் இயற்பியலில் ‘பம்ப்பிங்’ என்று பெயர். லாரி நின்றால் கூட்டம் கலையும். இதே வேலையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்தால் லேசர், மைக்ரோஅலையில் செய்தால் மேசர்.

டவுன்ஸ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதைச் செய்துபார்க்க முயன்றபோது, அறைக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் இசடோர் ராபி, ஏற்கெனவே நோபல் வாங்கியவர். இன்னொருவர் பாலிகார்ப் குஷ், சீக்கிரமே வாங்கப்போகிறவர். இது நடக்காது, பணம் வீண், நிறுத்து என்று சொல்லிப் பார்த்தார்கள். டவுன்ஸுக்கு வேலை நிரந்தரமாகியிருந்ததால் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். 1954-ல் அம்மோனியா மேசர் ஓடியது. அதற்குப் பிறகும் நீல்ஸ் போரும், ஜான் ஃபான் நாய்மனும் இது எப்படிச் சாத்தியம் என்று புருவம் தூக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் முன் நின்று ஓடாது என்று சொல்வதற்கு உலகின் மிகப் பெரிய மூளைகள் தேவைப்பட்டன. 1964-ல், ரஷ்யர்கள் பாசோவ், புரோகரோவ் ஆகியோரோடு டவுன்ஸுக்கும் நோபல்.

மனித குலத்தின் இந்த நவீன சாதனைக்குப் பரிசு வழங்கிய கையோடு, மறு வருடமே மிஸ்டீரியம் வந்து நின்றது. அது ஹைட்ராக்சில்தான், நட்சத்திரம் பிறக்கும் மேகத்தில் மேசராக வேலை செய்கிறது. ஆய்வுக்கூடம் இல்லை, மின்கட்டணம் இல்லை, ராபி வந்து நிறுத்தச் சொல்லவில்லை. காப்புரிமை கேட்டு எந்த மேகமும் வழக்கு போடவில்லை என்பது அமெரிக்கர்களின் அதிர்ஷ்டம்.

1967-ல் டவுன்ஸ் பெர்க்லிக்கே குடிபெயர்ந்தார். விண்வெளியில் அம்மோனியாவையும் தண்ணீரையும் தேடலாமே என்றார். வானியல் பெரியவர்கள் பொறுமையாக விளக்கினார்கள்: அங்கே அடர்த்தி போதாது, புறஊதாக் கதிர் எல்லாவற்றையும் உடைத்துப் போடும், பெரிய மூலக்கூறு நிலைக்காது. 1968-ல் அம்மோனியா கிடைத்தது. சில மாதங்களில் தண்ணீரும் கிடைத்தது. தண்ணீர் கிடைத்த லட்சணமோ, 22 கிகாஹெர்ட்ஸில் கூரை பிய்க்கும் மேசராக. பிறகு அந்த விளக்கத்தை யாரும் அவ்வளவு பொறுமையாகச் சொல்லவில்லை.

வாசல் திறந்ததும் மூலக்கூறுகள் வரிசையில் வந்தன. 1970-ல் கிரீன் பேங்க்கின் 43 மீட்டர் தொலைநோக்கியில், பால்வெளியின் மையத்தருகே மெத்தனால். மர ஆல்கஹால். இதற்குப் பிறப்பிடம் தூசுத் துகளின் மேல் படிந்த பனி: கார்பன் மோனாக்சைடு போய் அதில் உறைகிறது, ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டுகின்றன, நாலாவது ஒட்டும்போது மெத்தனால் தயார். பக்கத்தில் ஒரு நட்சத்திரம் உருவாகிச் சூடேறினால் பனி ஆவியாகிறது, சரக்கு வெளியே வருகிறது. வடிப்பாலை நடத்துவது நட்சத்திரக் குழந்தைதான். பிறந்த வீட்டிலேயே தொழில்.

1971-ல் பாரெட், ஷ்வார்ட்ஸ், வாட்டர்ஸ் மூவரும் ஓரியனில் 25 கிகாஹெர்ட்ஸ் அருகே மெத்தனால் மேசர் வேலை செய்வதைப் பார்த்தார்கள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் தண்ணீரும் ஹைட்ராக்சிலும் போட்ட சத்தத்தில் இது சபை ஓரத்தில் உட்காரவைக்கப்பட்டது. மெத்தனாலிடம் செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை என்று நினைத்துக்கொண்டு ஆட்கள் தத்தம் வேலையைப் பார்த்தார்கள்.

மதுபானத் துறையில் அந்தக் காலத்தின் உண்மையான சாதனை வேறு. 1975-ல் பென் சக்கர்மன் குழு, தனுசு பி2 என்ற மேகத்தில் எத்தனாலைக் கண்டுபிடித்தது. அதாவது குடிக்கிற ரகம். அடக்கமான ஆய்வுக் கட்டுரையின் நடுவே, அந்த மேகத்தைச் சுத்திகரித்துப் புட்டியில் அடைத்தால் எத்தனை புட்டி தேறும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1-க்குப் பின்னால் 28 சைபர். மனித இனம் வரலாறு முழுக்கக் காய்ச்சிய மொத்தத்தைவிட அதிகம் என்று ஒப்பீடு வேறு. கட்டுரையை மதிப்பிட்ட நடுவர் இதை எப்படி விட்டார் என்று எனக்கு வெகுநாள் வியப்பு. அவரும் மனிதர்தான்.

மெத்தனாலுக்கு வருவோம். 1980-களில் ஆங்காங்கே புதிய வரிகள் அகப்பட்டன. 1987-ல் பாட்ரிலா, மேத்யூஸ், மென்டன், வாம்ஸ்லி ஆகியோர் 12.2 கிகாஹெர்ட்ஸில் பலமான மேசர்களைப் பிடித்தார்கள். அப்போதுதான் ஒரு விசித்திரம் தெளிவானது: ஓரியன் ரகத்துக்கும் இந்த ரகத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஒன்று ஜொலிக்கும் இடத்தில் மற்றது இருண்டு போகிறது. முதல் வகுப்பு, நட்சத்திரத்துக்குச் சற்றுத் தள்ளி, அதிலிருந்து பீறிடும் வாயு மேகத்தில் மோதும் இடங்களில், மோதலால் பம்ப் ஆகிறது. இரண்டாம் வகுப்பு, நட்சத்திரத்தின் மடியிலேயே, சூடான தூசு விடும் அகச்சிவப்புக் கதிரால் பம்ப் ஆகிறது. தூரத்தில் உட்கார்ந்தவருக்கு முதல் வகுப்பு டிக்கெட், மடியில் உட்கார்ந்தவருக்கு இரண்டாம் வகுப்பு. வானியல் ரயில்வேயில் விதி அப்படி.

இப்போது 1991.

கார்ல் மென்டன் ஜெர்மானியர்; அப்போது அமெரிக்காவில் வேலை. 12.2-ல் மேசர் வருமானால், மெத்தனாலின் சக்திமட்டங்களைப் பார்த்தால் 6.7 கிகாஹெர்ட்ஸிலும் வர வேண்டும் என்று அவருக்குப் பட்டது. துல்லியமாகச் சொன்னால் 6668.5 மெகாஹெர்ட்ஸ். அங்கே யாரும் பார்த்ததில்லை. காரணம் தத்துவார்த்தமானது அல்ல. ரேடியோ வானியலாளர்களிடம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு ரிசீவர் இருந்தது, 8.4-க்கு இருந்தது. நடுவில் கிடந்த 6.7 யாருடைய ஊரும் இல்லை. அந்த வட்டாரத்தில் தொலைத்தொடர்புக்காரர்கள் குடியேறியிருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், கடையில் அந்த சைஸ் இல்லை.

மென்டன் கிரீன் பேங்க் தொலைநோக்கியை அந்த அதிர்வெண்ணுக்குத் திருப்பினார். வந்தது கிசுகிசுப்பு அல்ல. 80 இடங்களிலிருந்து கூச்சல். பெர்சியஸ் கரத்தில் இருக்கும் டபிள்யூ3 ஓஹெச் என்ற பிறப்பிடத்தில் மட்டும் கிட்டத்தட்ட 4,000 ஜான்ஸ்கி. (ஜான்ஸ்கி, ரேடியோ பிரகாசத்தின் அலகு. நல்ல தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலே கட்டுரை எழுதுவார்கள்.) அந்த இடத்தின் பெயரில் இருக்கும் ஓஹெச், ஹைட்ராக்சில். இருபத்தைந்து வருடமாக ஹைட்ராக்சிலின் ஜமீன் என்று பட்டா போட்டு, உலகத்தின் பெரிய தொலைநோக்கிகள் எல்லாம் மாறி மாறிப் பார்த்த இடம். பட்டாதாரரைவிடப் பலமடங்கு சத்தமாக மெத்தனால் அங்கேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. தண்ணீரின் 22-க்கு அடுத்தபடியாகப் பால்வெளியிலேயே பிரகாசமான மேசர் வரி இது என்று தெரிந்தது. தெரிந்தபோது, மேசர் வானியலுக்கு வயது கால் நூற்றாண்டு.

தகவல் பரவியதும் தொலைநோக்கி நிலையங்களில் ஒரே தச்சு வேலை. அவசரம் அவசரமாக 6.7-க்கு ரிசீவர் செய்தார்கள். தெற்கு வானத்தில் பால்வெளி தடிமனாகத் தெரிவதால் நிலநடுக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு யோகம். தென்னாப்பிரிக்காவின் ஹார்ட்டபீஸ்தூக்கில் 26 மீட்டர் ஆன்டெனா ஒன்று இருந்தது. 1961-ல் நாசா தன் விண்கலங்களோடு பேசக் கட்டியது. 1974-ல் போதும் என்று விட்டுவிட்டுப் போனது. கைவிடப்பட்ட அந்தக் கிழத்தை வைத்துக்கொண்டு கேலார்ட், மெக்லியோட் போன்றவர்கள் பாய்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் பாய்ந்தது. 1992-ல் பால்வெளிக்கு வெளியே, பெரிய மெகல்லன் மேகத்திலேயே ஒரு மெத்தனால் மேசர் பிடிபட்டது. கோபர்னிகஸ் பிறந்த ஊரான போலந்தின் டோருன் பக்கத்து 32 மீட்டர் தொலைநோக்கியும் சேர்ந்துகொண்டது. அரசிபோவில், 305 மீட்டர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஜகதீப் பாண்டியன், கோல்ட்ஸ்மித், தேஷ்பாண்டே ஆகியோர் பால்வெளித் தளத்தின் ஒரு துண்டைச் சலித்து 2007-ல் 86 மேசர்களைப் பட்டியலிட்டார்கள். அதில் 48 புதிது. பாண்டியன் என்ற பெயரை வானியல் இதழில் பார்த்த தமிழ் வாசகர் ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்தால் தப்பில்லை.

இவ்வளவு ஆவேசம் எதற்கு? சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள நட்சத்திரங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை யாரும் நேரில் பார்த்ததில்லை. அவை தூசுப் போர்வைக்குள் பிறக்கின்றன. ஒளியில் ஒன்றும் தெரியாது. அவசரமாக வளர்கின்றன, தூரமாக இருக்கின்றன, எண்ணிக்கையிலும் குறைவு. இந்த 6.7 மேசரோ அந்தக் கனத்த குழந்தைகளின் அருகில் மட்டுமே எரிகிறது. சூரியன் அளவு சின்ன நட்சத்திரம் பிறக்கும் இடங்களில் எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. ஆக, எங்கே 6.7 கேட்கிறதோ அங்கே பெரிய இடத்துப் பிரசவம். சந்தேகமே வேண்டாம்.

சந்தேகம் இல்லாத விஷயம் கிடைத்தால் அறிஞர்கள் சங்கடப்படுவார்கள். உடனே ஒன்றைத் தயாரித்தார்கள். ரே நாரிஸ் குழு நெருங்கிப் பார்த்தபோது, பல இடங்களில் மேசர் புள்ளிகள் நேர்க்கோட்டில் வரிசை கட்டியிருந்தன. நட்சத்திரத்தைச் சுற்றும் தட்டை ஓரத்திலிருந்து பார்த்தால் கோடாகத்தானே தெரியும்? ஆகா, தட்டு! 1990-களில் மாநாட்டுக்கு மாநாடு தட்டு சுழன்றது. தட்டு இருந்தால் அதற்குச் செங்குத்தாக வாயுத் தாரை பீறிட வேண்டும். ஜேம்ஸ் டி பூய்ஸர் என்பவர் மெனக்கெட்டுத் தாரைகளைத் தேடினார். 2003-ல் முடிவை வெளியிட்டார். கிடைத்த தாரைகளில் பெரும்பாலானவை செங்குத்தாக இல்லை. கோட்டுக்கு இணையாகவே போயின. இத்தனை கச்சிதமாக ஒரு கருதுகோளின் முகத்தில் இயற்கை கரி பூசுவது அபூர்வம். தட்டுக் கட்சி சோர்ந்தது, தாரைக் கட்சியின் கையும் அதிர்வலைக் கட்சியின் கையும் ஓங்கின. 2005-ல் போலந்தின் அன்னா பார்ட்கீவிச் ஐரோப்பியத் தொலைநோக்கிகளை இணைத்து ஒரு மேசரைப் பார்த்தார். புள்ளிகள் அழகான வளையமாக நின்றன. கோடு இல்லை, வளையம். எல்லாக் கட்சியும் அதைத் தங்களுக்கான சாட்சி என்று வாசிக்க வழி இருந்ததால் பஞ்சாயத்து இன்றும் நடக்கிறது.

2006 மெத்தனாலுக்குப் பிரபலம் வந்த வருடம். பிரிட்டனின் ஜோட்ரல் பேங்க் குழு, அதே டபிள்யூ3 ஓஹெச்சில் 46,300 கோடி கிலோமீட்டர் நீளத்துக்கு மெத்தனால் இழை ஒன்றைப் படம் பிடித்தது. செய்தித்தாள்கள் ‘மெத்தில்’ என்ற முன்பாதியைக் கத்தரித்துவிட்டு ‘விண்வெளியில் ஆல்கஹால் பாலம்’ என்று குதூகலித்தன. மெத்தனால் எங்கே கொண்டுபோய் விடும் என்று 2024-ல் கள்ளக்குறிச்சி பார்த்த நமக்கு அந்தத் தலைப்புகளில் சிரிக்க ஒன்றுமில்லை. பாலம் அங்கேயே இருக்கட்டும்.

அதே வருடம், அதே இடம், உண்மையிலேயே பெரிய செய்தி ஒன்று வந்தது. அதைத் தலைப்பாக்கத்தான் ஆள் இல்லை. டபிள்யூ3 ஓஹெச் எவ்வளவு தூரம் என்பதில் அதுவரை இரண்டு விடைகள். நட்சத்திரங்களின் பிரகாசத்தை நம்பியவர்கள் சுமார் 7,000 ஒளியாண்டு என்றார்கள். வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கிட்டத்தட்ட அதன் இரட்டிப்பு என்றார்கள். பால்வெளியின் ஒரு கரம் முழுவதும் அதோடு முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ஷு யே, மார்க் ரீட், மென்டன் முதலானோர் 12.2 மெத்தனால் மேசரைப் பிடித்துக்கொண்டு, பூமி சூரியனைச் சுற்றும்போது அது எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று அளந்தார்கள். விடை: 6,400 ஒளியாண்டுக்குச் சற்று உள்ளே, பிழை நூற்றுக்கு இரண்டு. வேகக் கட்சியின் வேகம்தான் தப்பு. அந்தக் கரத்து வாயு எதிர்பார்த்த வட்டப் பாதையில் ஒழுங்காக ஓடவில்லை. சாராயத்தை நம்பித் தூரம் அளந்து தடம் மாறாமல் வீடு சேர்ந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

எங்கெங்கே மேசர் என்று தெரிந்த இடங்களிலேயே தேடிக்கொண்டிருந்தால் தெரிந்ததுதான் கிடைக்கும் என்பது 1991-ல் நன்றாக உறைத்துவிட்டது. ஆகவே ஜிம் காஸ்வெல், கேரி ஃபுல்லர், ஜிம் கிரீன் முதலானோர் பார்க்ஸின் 64 மீட்டர் தட்டில் ஏழு காது கொண்ட ரிசீவரைப் பொருத்தி, 2006 தொடங்கிப் பால்வெளித் தளத்தை முன்தீர்மானம் ஏதும் இல்லாமல் பெருக்கிக் கூட்டினார்கள். மொத்தம் 972 மேசர்கள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய வீட்டுப் பிரசவம். மெகல்லன் மேகங்களையும் விடவில்லை: பெரியதில் நான்கு, சிறியதில் சுழியம்.

இதற்கிடையில் ஹார்ட்டபீஸ்தூக்கின் பழைய ஆன்டெனா யாரும் செய்ய விரும்பாத ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது. பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டால் ‘ஏற்கெனவே பார்த்ததை ஏன் திரும்பப் பார்க்க வேண்டும்?’ என்பார்கள். கிழத்திடம் அப்படிக் கேட்க ஆள் இல்லை. ஷர்மிளா கோட்ஹார்ட்டும் கேலார்டும் 1999 முதல் நாலு வருடம் 54 மேசர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஏழு மேசர்கள் காலண்டர் பார்த்து ஏறி இறங்கின. எல்லாவற்றிலும் பிரகாசமான ஜி9.62 சுமார் 244 நாளுக்கு ஒருமுறை பொங்குகிறது. ஏன்? இரட்டை நட்சத்திரங்களின் காற்று மோதுகிறது என்றார் ஒருவர். நட்சத்திரமே விம்மி அடங்குகிறது என்றார் இன்னொருவர். தட்டுக்குள் சுருள் அலை சுற்றி வருகிறது என்றார் மூன்றாமவர். தட்டுக் கட்சி இன்னும் உயிரோடு இருப்பதற்கு அது அத்தாட்சி.

2019 ஜனவரியில் ஜப்பானின் ஹிட்டாச்சி 32 மீட்டர் தொலைநோக்கி ஜி358.93 என்ற மேசர் ஏறிக்கொண்டிருப்பதைக் கவனித்தது. பார்க்ஸ் பட்டியலில் வெறும் 10 ஜான்ஸ்கியோடு ஓரமாக இருந்த ஆள். இப்போது 99. மேசர் கண்காணிப்புக்கென்று உலகம் முழுக்கச் சேர்ந்திருந்த ஒரு கூட்டமைப்பு மணியடித்தது. மார்ச்சுக்குள் 1,000-ஐத் தாண்டிவிட்டது. உள்ளே இருந்த குழந்தை நட்சத்திரம் தட்டிலிருந்து ஒரு பெரிய கவளத்தை விழுங்கியிருக்கிறது. அந்தச் சூடு வெளியே பரவப் பரவ, மேசர் எரியும் வட்டமும் ஒளிவேகத்தில் நூற்றுக்குச் சில பங்கு வேகத்தில் விரிந்தது. வாயு அந்த வேகத்தில் ஓடாது, ஓடியது சூடு. தட்டுக் கட்சியினர் அன்றைக்கு இரவு தூங்கியிருக்க மாட்டார்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. 6.7 சரிதான், 12.2 சரிதான், இவற்றோடு இதுவரை எங்கேயும் மேசராகப் பார்த்திராத மெத்தனால் வரிகள் கொத்துக் கொத்தாக வந்தன. அவற்றில் சில, மூலக்கூறு முறுக்கிக்கொண்டு நிற்கும் உயர் நிலைகளிலிருந்து வருபவை. மேசராகும் என்று எந்தக் கணக்கும் சொல்லியிருக்கவில்லை. ஷாரி பிரீன், கிரிஸ்டல் பிரோகன் போன்றவர்கள் கையில் கிடைத்த தொலைநோக்கியை எல்லாம் திருப்பிப் பதிவு செய்தார்கள். சில வாரங்களில் அவற்றில் பல மங்கின, சில மறைந்தேவிட்டன. அங்கே திரும்பியிருந்த ரிசீவர்களில் பதிவானதுதான் மிச்சம். அந்த வட்டாரத்து மற்ற அதிர்வெண்களில் என்னென்ன வந்துபோயின என்பதற்கு வழக்கம்போல ரிசீவர் இல்லை.